பதினைந்தரைக் கழுத்து

கோல் விழுந்து, மைதானமே கத்தித் தீர்த்து, கத்தியவர்கள் தொண்டை வறண்டு தண்ணீர் தேடுகிற நேரத்தில்தான் வானொலியில் அவர் "கோ...ல்" என்றார்.

டெய்லரம்மா மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினாள். கடைக்கும் மைதானத்துக்கும் நடுவில் இரண்டே தெரு. கூட்டத்தின் சத்தம் சன்னல் வழியாக நேராக வந்துவிடும். அவள் வீட்டுக்காரரின் குரல் அலமாரி மேலிருக்கும் வானொலிப் பெட்டியிலிருந்து வரும். இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டுக்கும் நடக்கிற போட்டியில் ஒருநாளும் கூட்டம் முந்தியதில்லை. பந்து காலை விட்டுக் கிளம்பும்போதே அவர் கோல் என்று கத்திவிடுவார். அப்புறம்தான் பந்து வலைக்குள் போகும், அதற்கும் அப்புறம்தான் கூட்டம் எழுந்து நிற்கும். அவர் வாய்க்குப் பயந்துதான் பந்தே உள்ளே போகிறது என்று கேலி பேசுவார்கள். தெருவில் அவருக்குக் கோல்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் இருந்தது.

அப்படிப்பட்ட மனிதர் இன்றைக்கு மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தார். அந்தக் குரலும் அவர் குரலாக இல்லை. தகர டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டு உருட்டியது போலக் கரகரவென்று இருந்தது. கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க வந்து கண்ணாடி முன்னால் நின்றிருந்த வாடிக்கையாளர், "என்னம்மா, சாருக்குச் சளியா?" என்று கேட்டார். "ஆமாங்க, சளிதான்" என்று சொல்லிவிட்டுக் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டாள். வாயில் குண்டூசி இருந்தால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்க மாட்டார்கள். அது அவள் தொழிலில் இருக்கும் ஒரு சௌகரியம்.

சளி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏழெட்டு மாதமாகவே மனிதர் ஒரு மாதிரியாகத்தான் இருந்தார். வெயில் கொளுத்தும்போது ஸ்வெட்டர் கேட்டார். குளித்துவிட்டு வந்து சோபாவில் உட்கார்ந்தால் அப்படியே தூங்கிப்போனார். ஒரு கேள்வி கேட்டால், கேள்வி போய்ச் சேர்ந்து பதில் கிளம்பி வருவதற்குள் கேட்டவர்களுக்குக் கேள்வியே மறந்துவிடும். கேட்டால், "அம்பத்திமூணு ஆச்சுல்ல, வயசு சும்மா விடுமா?" என்பார். அவளும் நம்பினாள். எதிரில் வைத்துக்கொண்டே தேடுகிற ஆசாமிகளில் அவளும் ஒருத்தி.

மறுநாள் வானொலி நிலையத்தின் இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காதில் விழுவதை வைத்துத்தானே அவர் பிழைப்பு?

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. தொண்டை டாக்டர்கிட்ட போங்க, நிலையத்துச் செலவு. இறுதி ஆட்டம் ஏப்ரல்ல. அதுக்குள்ள குரல் திரும்பிடுச்சுன்னா மைக் உங்களுது. இல்லேன்னா..." என்று இழுத்தார்.

"இல்லேன்னா?"

"கீழ ஒலிநாடா அறை இருக்கு. பழைய ஆட்டங்களோட டேப்பையெல்லாம் ஒழுங்குபடுத்த ஒருத்தர் தேவைப்படுது."

வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொன்னபோது, சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "என் குரலை நானே தூசி தட்டி அடுக்கணுமாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கவலை இருந்திருக்காது. பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

தொண்டை டாக்டர் விளக்கைப் போட்டுப் பார்த்தார். குரல் நாண் கொஞ்சம் தடித்திருக்கிறது, ஓய்வு கொடுங்கள் என்றார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்டார். நம்மவர் கண்ணிமைக்காமல் "ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

அது சுத்தப் பொய். போன பிப்ரவரியில் அவருக்கு இதயம் தாறுமாறாக அடிக்க ஆரம்பித்தது. படியேறினால் ஓடும், உட்கார்ந்தால் தடுக்கும். இதய டாக்டரம்மா பரிசோதித்து, துடிப்பைச் சீராக்க ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். துடிப்பு சரியாகிவிட்டது. ஆனால் நிலையத்துக்குத் தெரிந்தால் 'இதய நோயாளியைக் கத்த விடலாமா' என்று மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போது மாத்திரை அட்டை கையோடு வேண்டும், யார் கண்ணிலும் படவும் கூடாது. எனவே மனைவியிடம் சொல்லி, எல்லாச் சட்டைகளிலும் உள்பக்கம், அக்குளுக்குக் கீழே, அட்டை அளவுக்கு ஒரு ரகசியப் பை தைத்துக்கொண்டார். தொண்டை டாக்டருக்குச் சம்பளம் கொடுப்பது நிலையம். அவரிடம் இதயத்தைத் திறந்து காட்டுவானேன்? அதுவும் போக, தொண்டைக்காகவா அந்த மாத்திரை? மனுஷர் தன் மனசாட்சிக்கு இப்படி ஒரு சமாதானமும் வைத்திருந்தார்.

பதினைந்து நாள் வாய் திறக்காமல் இருந்தார். வாய் திறந்தபோது குரல் இன்னும் மோசமாகியிருந்தது.

மைக்குக்கு முன்னால் வானிலைக்காரரை உட்காரவைத்தார்கள். இருபது வருடமாக மழை, வெயில், காற்று இவற்றை வாசித்தே பழகியவர். பந்தையும் அப்படியே வாசித்தார். "இடப்புறத்திலிருந்து மிதமான வேகத்தில் பந்து நகர்ந்து வருகிறது. மாலைக்குள் இலக்கைக் கடக்கக்கூடும்." கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோல்காரர் சிரிக்கவில்லை. ஸ்வெட்டருக்குள் சுருண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் முதல் வாரத்தில் நிலையத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. அறிவிப்பாளர்கள் எல்லோருக்கும் புது நீலச் சட்டை, நிலையத்தின் முத்திரையோடு. குழுவாக ஒரு படம் எடுக்கப்போகிறார்களாம். அளவை முன்பே தொலைபேசியில் கேட்டிருந்தார்கள். அவரும் மனப்பாடமாக "கழுத்து பதினஞ்சரை" என்று சொல்லியிருந்தார். அவருக்குத் தெரிந்து அவர் கழுத்து எப்போதும் பதினைந்தரைதான்.

கண்ணாடி முன் நின்று போட்டுப் பார்த்தார். மேல் பொத்தானுக்கும் அதன் துளைக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தது. இழுத்தார். முகம் சிவந்தது. பொத்தான் தெறித்து மெஷினுக்கு அடியில் உருண்டு போனது.

"தப்பு அளவு அனுப்பிட்டாங்க" என்றார்.

அவள் குனிந்து பொத்தானைத் தேடினாள். தேடுவதற்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆனாலும் தேடினாள்.

"இங்க பாரு. பட்டியில பதினஞ்சரைன்னுதான் போட்டிருக்கு" என்றார் அவர், காலரைப் புரட்டிப் பார்த்துவிட்டு. "நேத்துப் போட்ட சட்டை சரியா இருந்துச்சே. முந்தாநாள் போட்டதும் சரியா இருந்துச்சே. இது மட்டும் எப்படி?"

இங்கே டெய்லரம்மாவின் தொழில் தர்மத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் கடையிலிருந்து யாரும் மனம் நொந்து போகக் கூடாது. 'நீங்க பருத்துட்டீங்க' என்கிற வார்த்தை அந்தக் கடைக்குள் நுழைந்ததே இல்லை. "துணி சுருங்கிடுச்சுங்க, இந்தக் காலத்துத் துணியே இப்படித்தான்" என்பாள். பொய்தான். அந்தப் பொய்யால் பாதித் தெரு சந்தோஷமாக நடமாடியது. கட்டிய கணவருக்கு மட்டும் வஞ்சனை செய்வாளா? மே மாதத்தில் ஒருநாள் அவர் காலரை இரண்டு விரலால் இழுத்து விட்டுக்கொண்டதைப் பார்த்தாள். அழகைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நோகடிக்க மனம் வரவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் பொத்தானைக் கால் அங்குலம் தள்ளித் தைத்தாள். அதுவும் போதாமல் போனபோது காலர் பட்டியையே பிரித்து, பெரிதாக ஒன்றை வெட்டி வைத்துத் தைத்தாள். பக்கவாட்டில் மடித்துவிட்டிருந்த துணியையும் பிரித்துவிட்டாள். ஒன்பது சட்டைக்கும் அப்படித்தான், நாலு தடவை.

"நான்தான் பிரிச்சுப் பெருசாத் தைச்சு வச்சேன்" என்றாள், தரையைப் பார்த்தபடி.

"எதை?"

"எல்லாத்தையும். மே மாசத்துலேர்ந்து."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப, நான் வீங்கிக்கிட்டே போறது உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

அந்த ஒரு வாக்கியம் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு மனிதனுக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்று முதலில் சொல்வது அவன் சட்டைதான். அந்தச் சட்டையின் வாயை ஏழு மாதமாகப் பொத்தி வைத்திருந்தவள் அவள். அன்புக்காகத்தான் செய்தாள். ஆனாலும் செய்தது அவள்தானே. அழுகை வந்தது. அழுவதற்குப் பதிலாக அலமாரியைத் திறந்து அளவு நோட்டை எடுத்தாள். அழுதுகொண்டு நிற்பது அவள் சுபாவம் இல்லை.

அளவு நோட்டு என்றால் சும்மா இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு வரிக்கும் தேதி. என்ன மாற்றினாள், எவ்வளவு மாற்றினாள் என்று எல்லாம் இருக்கும். வாடிக்கையாளரிடம் ஆயிரம் பொய் சொல்வாள், நோட்டிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. கணவருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. பதினோரு வருடமாக அந்தப் பக்கத்தில் கழுத்து பதினைந்தரை, பதினைந்தரை, பதினைந்தரை என்று அசையாமல் நின்றது. அப்புறம் மே 20, பதினைந்தே முக்கால். ஜூலை 2, பதினாறு. செப்டம்பர் 9, பதினாறரை. நவம்பர் 11, பதினாறே முக்கால்.

பதினோரு வருடம் ஆடாத கழுத்து திடீரென்று ஏன் ஆடியது? வயசு என்றால் வயசு ஒரு மே மாதத்திலா பிறந்தது? அவள் விரல் மே 20-க்கு மேலே இருந்த வரிக்கு நகர்ந்தது.

மார்ச் 4. உள்பை, மாத்திரை அட்டைக்கு. ஒன்பது சட்டை.

அவர் மறைக்கச் சொன்னதையும் அவள் மறைத்ததையும் ஒரே பக்கத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக, அவளே எழுதி வைத்திருந்தாள்.

"அந்த மாத்திரை டப்பாவைக் கொண்டாங்க" என்றாள்.

டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளை இதுவரை அந்த வீட்டில் யாரும் பிரித்ததில்லை. பிரித்தால் துண்டு அகலத்துக்கு வந்தது. எழுத்து எள்ளைவிடப் பொடி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் கோக்க அவள் வைத்திருந்த பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து, அதன் கீழே தாளை விரித்தாள். வரிவரியாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே போனாள். பாதித் தாள் தாண்டியதும் விரல் நின்றது.

"தைராய்டுன்னு போட்டிருக்கு. இந்த மாத்திரையால தைராய்டு சுரப்பு குறையலாமாம், கூடலாமாம். அப்பப்ப ரத்தம் பார்க்கணுமாம். குறைஞ்சா உடம்பு ஊதும், குளிரும், அசதியா இருக்கும்..." நிமிர்ந்து ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். "கேளுங்க. 'குரல் கரகரப்பு'ன்னும் போட்டிருக்கு."

அவர் உடனே ரகசியப் பையில் கை விட்டு அட்டையை எடுத்தார். "இந்தச் சனியனை இன்னையோட நிறுத்திடுறேன்."

"கையை எடுங்க! உங்க இஷ்டத்துக்கு நிறுத்துறதுக்கு அது என்ன உப்புமாவா? நாளைக்கு டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டுக்குவோம்."

மறுநாள் காலை இதய டாக்டரம்மாவின் மேஜை மீது அளவு நோட்டைத் திறந்து வைத்தாள். டாக்டரம்மா முதலில் நோயாளியின் முகத்தைப் பார்த்தார், பிறகு நோட்டைப் பார்த்தார், பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் நோட்டைப் பார்த்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தாங்க. டெய்லர்."

"பதினெட்டு வருஷமா ரிப்போர்ட் பார்க்குறேன். இப்படி ஒரு ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்ததில்ல." அப்புறம் கணவர் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த ரத்தத்துல தைராய்டு சரியாத்தான் இருந்துச்சு. ஆறு மாசத்துல திரும்ப வந்து பாருங்கன்னு சீட்டுல எழுதியிருந்தேனே, எங்க போனீங்க?"

"ஆட்டம் நெருங்குற நேரம் டாக்டர்... முடிஞ்சதும் வரலாம்னு..."

"தொண்டை டாக்டர்கிட்டயாவது இந்த மாத்திரையைச் சொன்னீங்களா?"

அவர் கூரை விசிறியைப் பார்த்தார்.

டாக்டரம்மா ஒரு தாளில் கழுத்தைப் படமாகப் போட்டு விளக்கினார். கழுத்தின் முன்பக்கம் வண்ணத்துப்பூச்சி போல ஒரு சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று சொல்வது அதுதான். "நீங்க சாப்பிடுற இதய மாத்திரையில அயோடின் ரொம்ப அதிகம். சிலருக்கு அது இந்தச் சுரப்பியை அமுக்கிடும், சிலருக்கு மாறா முடுக்கி விட்டுடும். உங்களுக்கு அமுக்கியிருக்குன்னு இந்த நோட்டு சொல்லுது. ரத்தமும் சொல்லட்டும்."

ரத்தம் சத்தமாகவே சொன்னது. சுரப்பி அமுங்க அமுங்க ஏறுகிற எண் ஒன்று உண்டு; நாலைந்துக்குள் இருக்க வேண்டிய அது நாற்பத்தெட்டில் நின்றது.

"அப்ப இதய மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டார் அவர்.

"வேணாம். உங்க இதயத்துக்கு அது தேவை, நல்லாவும் கேக்குது. அதைத் தொடருவோம். கூடவே தைராய்டு ஹார்மோன் மாத்திரை ஒண்ணு. இதயம் இருக்கிறதால கொஞ்சமா ஆரம்பிச்சு ஏத்துவோம். காலையில வெறும் வயித்துல, தண்ணியில."

"குரல்?" கேட்டது டெய்லரம்மா. "குரல் வருமா?"

"வரும்னுதான் நினைக்கிறேன். ஆனா இது தையல் இல்லம்மா, சாயங்காலத்துக்குள்ள முடியாது."

படியிறங்கும்போது அவர் சொன்னார்: "வயசு இல்லையாம்டி." இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ ஓடியது. அவளுக்குத் தெருவிலேயே அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஜனவரிக் கடைசியில் ரத்தம் பார்த்தபோது எண் நாற்பத்தொன்று. கழுத்து பதினாறே முக்காலை விட்டு அரைக்கால் அங்குலம்கூட இறங்கவில்லை. டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கி, "தினமும் சாப்பிடுறாரா?" என்று கேட்டார். தினமும் சாப்பிட்டார். அவளே கண்ணால் பார்த்தாள். டாக்டரம்மா மருந்தின் அளவை ஒரு படி ஏற்றினார். "எப்படிச் சாப்பிடுறார்னு ஒரு தடவை கவனிங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை அவள் சமையலறை வாசலில் நின்று கவனித்தாள். மனிதர் எழுந்தார். இதய மாத்திரை, தைராய்டு மாத்திரை, முட்டிவலிக்காக முன்பே சாப்பிட்டு வந்த கால்சியம் மாத்திரை, மூன்றையும் உள்ளங்கையில் கொட்டினார். தலையை அண்ணாந்தார். ஒரே வீச்சு. மேலே ஒரு டம்ளர் பால் காபி.

"ஆறு வாரமா இப்படித்தானா?"

"எல்லாம் உள்ளதானே போகுது? தனித்தனியா டிக்கெட் வாங்கியா அனுப்பணும்?"

டெய்லரம்மா கடையைக்கூடத் திறக்காமல் டாக்டரம்மாவுக்குத் தொலைபேசினாள். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. கால்சியம் அந்த மாத்திரையைப் பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் சேர விடாதாம். நடுவில் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். காபியும் உடனே கூடாது, அரைமணியோ ஒருமணியோ போகட்டும். ஏற்றிய அளவு அப்படியே இருக்கட்டும், முதலில் வேளையைச் சரிபண்ணுங்கள் என்றார்.

சொல்லித் திருத்துகிற ஆள் இல்லை அவர். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் கேட்க இவர் பேசித்தான் பழக்கம். ஆகவே அவள் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். மெஷினில் உட்கார்ந்து இரண்டு துணிப் பட்டைகள் தைத்தாள், ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு ஏழு குட்டிப் பை. முதல் பட்டை கட்டில் தலைமாட்டில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் தொங்கியது. அதில் தைராய்டு மாத்திரை. இரண்டாவது பட்டை கடையில், அவள் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்கியது. அதில் கால்சியம். அந்தக் கால்சியம் பைகளின் வாயை மட்டும் நூல் போட்டு இறுக்கித் தைத்துவிட்டாள். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் கடைக்கு வந்து கையை நீட்ட வேண்டும். அவள் கத்தரிக்கோலால் அன்றைய பையின் தையலைப் பிரித்துக் கொடுப்பாள்.

"மருந்துக்குக்கூடப் பூட்டுப் போடுற வீடு இது ஒண்ணுதான் இருக்கும்" என்று முணுமுணுத்தார்.

"புலம்பாம முழுங்குங்க."

பிப்ரவரி நடுவில் அவர் ஒருநாள் தானாகவே ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டார். அவள் பார்க்காதது போல இருந்தாள். மார்ச் தொடக்கத்தில் வானிலைக்காரரின் வர்ணனையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "யோவ், அது ஆஃப்சைடுய்யா!" என்று வானொலிப் பெட்டியைப் பார்த்துக் கத்தினார். கத்தல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னொரு தடவை கத்துங்க" என்றாள் அவள். கத்தினார். மாடியில் குடியிருப்பவர் படியிறங்கி வந்து, "என்ன ஆச்சு, திருடனா?" என்று கேட்டார். "இல்லீங்க, கோல்காரர்தான்" என்று சொல்லும்போது டெய்லரம்மாவின் கண்ணில் நீர் முட்டியது. மாதக் கடைசியில் எண் ஐந்துக்கு வந்துவிட்டது.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. நிலையத்துக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார். "நீ ஒரு வேலை செய். அந்த உள்பை இருக்குல்ல, அதை வெளிய தைச்சுடு. நெஞ்சுக்கு மேல."

அந்தச் சட்டையோடுதான் போய் இயக்குநர் முன்னால் நின்றார். பையிலிருந்து அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் டாக்டரம்மாவின் கடிதம். இதயம் கட்டுக்குள் இருக்கிறது, வர்ணனை செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தது. இயக்குநர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதைத்தான் ஒரு வருஷமா மறைச்சீங்களா? அண்ணே, நான் உங்க குரலைத்தானே ஒலிபரப்புறேன், இதயத்தையா ஒலிபரப்புறேன்? முதல்லயே சொல்லியிருந்தா அந்தத் தொண்டை டாக்டரே கண்டுபிடிச்சிருப்பாரே!" கொஞ்சம் யோசித்தார். "முதல் பாதி வானிலைக்காரர் செய்யட்டும். இரண்டாம் பாதி உங்களுக்கு. சரியா வரலேன்னா ஒலிநாடா அறைதான், அதுல மாத்தமில்ல."

இறுதி ஆட்டத்தன்று கடையில் ஊசி போட இடமில்லை. துணி கொடுக்க வந்தவர்கள், வாங்க வந்தவர்கள், எதற்கும் வராதவர்கள் எல்லோரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். முதல் பாதி முழுக்க லேசான தூறல் வாசிக்கப்பட்டது. இடைவேளை முடிந்ததும் வானிலைக்காரர், "இத்துடன் என் அறிக்கை நிறைவடைகிறது" என்றார். பெரிய நிம்மதி அந்தக் குரலில். மைக் கைமாறியது.

"வணக்கம். நான் வந்துட்டேன்."

கடை முழுக்க ஒரே கைத்தட்டல். டெய்லரம்மா கை தட்டவில்லை. கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரல் வந்திருந்தது, சரி. பழைய கனமும் வந்திருந்தது. பந்து எங்கே போகிறதோ அங்கே வார்த்தையும் போனது. ஆனால் அந்த வேகம்? கூட்டத்தை முந்துகிற அந்த அரை நொடி? அது திரும்பியதா என்று கோல் விழுந்தால்தானே தெரியும்? கோலும் விழுந்தபாடில்லை. எழுபது நிமிடம். எண்பது. இரண்டு பக்கமும் பூஜ்யம்.

எண்பத்தெட்டாவது நிமிடம். "வலப்பக்கம் வர்றான், ஒருத்தனைத் தாண்டிட்டான், ரெண்டாவது ஆளையும் தாண்டிட்டான், காலைத் தூக்குறான்... கோல்!"

சன்னலில் சத்தமே இல்லை.

வெளியே ஒரு குரல்கூட இல்லை. பந்து கம்பத்தில் பட்டுவிட்டதா? வெளியே போய்விட்டதா? ஆசையில் அவசரப்பட்டுவிட்டாரா மனிதர்? கடையில் இருந்த எல்லோரும் மூச்சுவிடாமல் சன்னலைப் பார்த்தார்கள்.

அப்புறம் மைதானம் வெடித்தது. இரண்டு தெருவையும் தாண்டி அந்த இரைச்சல் வந்து சன்னல் கண்ணாடியைத் தடதடவென்று உலுக்கியது. அவர் முந்திவிட்டார். முழுசாக முந்திவிட்டார். டெய்லரம்மா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு, அளவுக்கு நின்றிருந்த யாரோ ஒருவரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவர் மேலெல்லாம் குண்டூசி குத்தியிருந்தது. அவரும் சேர்ந்து குதித்தார்.

ஆட்டம் முடிந்து, அவரைத் தோளில் தூக்கி வந்தவர்கள் கடை வாசலில் இறக்கிவிட்டார்கள். நிலையத்தின் நீலச் சட்டையைப் போட்டிருந்தார். டிசம்பரில் பொத்தான் தெறித்த அதே சட்டை. அவள் அந்தப் பொத்தானை இருந்த இடத்திலேயே திரும்பத் தைத்து வைத்திருந்தாள், ஒரு நூல்கூடத் தள்ளாமல். அது பூட்டியிருந்தது.

"அளவெடு" என்றார் அவர்.

"இப்பவா? எல்லாரும் நிக்கிறாங்க."

"நிக்கட்டும். அளவெடு. எனக்காகக் குறைச்சுச் சொல்லக் கூடாது."

அவள் நாடாவை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டாள். நடைமுறைப்படி ஒரு விரலை உள்ளே விட்டாள். எண்ணைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். நாடாவை விரலால் கிள்ளிப் பிடித்தபடி கழற்றி, எண் இருக்கிற இடத்தை அவர் கண்ணுக்கு நேராக நீட்டினாள்.

கோல்காரர் பார்த்தார். மூச்சை இழுத்தார். இருபத்திரண்டு வருடமாக மைதானத்துக்கு மட்டும் வைத்திருந்த அந்தக் குரலில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

"பதினஞ்சரை!"

என்ன ஏது என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஆனாலும் தெருவே எழுந்து நின்று கை தட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் டெய்லரம்மா நோட்டைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேதியைப் போட்டு எழுதினாள்.